'இனாகுலேட்' (inoculate) என்ற ஆங்கில மருத்துவ வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

நேரடியாகச் சொன்னால் 'கண் வைத்தல்'. பயப்படாதீர்கள், திருஷ்டி சமாச்சாரம் இல்லை.

லத்தீனில் 'ஆக்குலஸ்' என்றால் கண். செடியில் புடைத்து நிற்கும் மொட்டுக்கும் அதே பெயர்தான். உருளைக்கிழங்கில் முளை கிளம்பும் குழியை நாமும் கண் என்றுதானே சொல்கிறோம்! ஒரு மரத்தின் கண்ணை எடுத்து இன்னொரு மரத்துக்குள் பதிப்பது 'இனாகுலாரே'. 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அது தோட்டக்காரர்களின் சொல்லாகவே இருந்தது.

ஆய்வுக்கூட வேலையில் நாள் முழுக்க இந்தச் சொல்லைப் புழங்கும் எனக்கு, ரோஜாவில் மொட்டு ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த அன்றுதான் அது உறைத்தது. பட்டையில் சின்னதாக ஒரு கீறல். கத்தி முனையால் பட்டையை விலக்கி, மொட்டோடு சீவிய துண்டை உள்ளே செருகி, நாடா சுற்றிவிட்டார்கள். அவ்வளவுதான்.

பெரியம்மை கடுமையாகத் தாக்காமல் இருக்க அந்தக் காலத்தில் செய்ததும் இதையேதான். நோயாளியின் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து, நல்ல உடம்புள்ளவர் கையில் கீறி உள்ளே வைத்தார்கள். கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) நடந்த இந்த முறையைப் பற்றி எம்மானுவேல் டிமோனி என்ற மருத்துவர் எழுதியதை லண்டன் ராயல் சொசைட்டி 1714-இல் வெளியிட்டது. தோட்டத்துச் சொல் மருத்துவத்துக்குத் தாவியது அந்தக் காலகட்டத்தில்தான். வைத்தது நிஜப் பெரியம்மை என்பதால் சிலர் செத்தும் போனார்கள். ஆனாலும் தானாக வரும் அம்மையில் செத்தவர்களோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு.

அப்புறம் 1796-இல் எட்வர்ட் ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர், பெரியம்மையைத் தடுக்க அதற்குப் பதிலாக மாட்டம்மைச் சீழை வைத்துப் பார்த்தார். பசுவுக்கு லத்தீனில் 'வாக்கா'. அதிலிருந்து வந்தது 'வாக்சினேட்'. மற்ற நோய்களுக்கான தடுப்பூசிக்கும் அதே பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று 1881-இல் லூயி பாஸ்டர் சொன்னார். பசுவுக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஊசிக்கும் பசுவின் பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். தமிழில் 'அம்மை குத்துதல்' என்றார்கள். செய்கிற காரியத்தை அப்படியே சொல்லும் அந்தச் சொல்தான் எனக்குப் பிடித்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போதும் 'இனாகுலேட்' ஓய்வதில்லை. கம்பி வளையத்தைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, கிருமியைத் தொட்டு, கிருமி வளர்க்கும் புதுத் தட்டில் இழுத்தால் அதற்கும் அதே பெயர்தான். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு 'என்' (n) போட்டு எழுதுகிறவர்கள் ஏராளம். ஒன்று போதும்.