ஊசி போட்டால்தான் சுரக்கும் எருமை

கேள்வி: எங்கள் முர்ரா எருமைக்கு இது மூன்றாவது ஈற்று. ஈன்ற இருபதாம் நாள் கன்று இறந்துவிட்டது. அதன்பிறகு எருமை பாலை அடக்கிக்கொண்டதால், கறவைக்காரர் கழுத்தில் ஊசி போட்டுக் கறக்க ஆரம்பித்தார். முதலில் அரை மில்லி போதுமாக இருந்தது. மூன்று மாதத்தில் இரண்டு மில்லிக்கு வந்துவிட்டது. ஊசி இல்லாவிட்டால் கால் லிட்டர்கூடத் தேறுவதில்லை. மருந்தில் கலப்படமா? இந்தப் பாலைக் குடிக்கும் பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே, அது உண்மையா?
– ஒரு விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கறவைக்காரர் போடுவது பாலை இறங்கச் செய்யும் ஹார்மோனான ஆக்சிடோசினாகத்தான் இருக்க வேண்டும். லேபிள் இல்லாத புட்டி என்றால் உள்ளே என்ன வீரியம் என்று அவருக்கே தெரியாது, கலப்படமும் இருக்கலாம். ஆனால் மருந்து சுத்தமாகவே இருந்தாலும் உங்களுக்கு இதே கதிதான் வந்திருக்கும். கோளாறு புட்டியில் மட்டும் இல்லை, மடியிலும் இருக்கிறது.

ஆக்சிடோசின் பாலை உண்டாக்குவதில்லை. பால் ஏற்கெனவே மடிக்குள் நுண்ணிய பைகளில் ஊறி நிற்கிறது. அந்தப் பைகளைச் சுற்றிக் கூடைபோலப் பின்னியிருக்கும் தசைச் செல்கள் சுருங்கினால்தான் பால் கீழே இறங்கும். பசுவின் மடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பால் காம்புக்கு மேலுள்ள குழியில் தானாக வந்து நிற்கும். எருமைக்கு அந்தக் குழி மிகச் சிறியது. ஏறக்குறைய எல்லாப் பாலும் மேலேயே தங்கிவிடும். அதனால்தான் சுரப்பு விடாத எருமையிடம் உங்களுக்குக் கால் லிட்டர் கிடைக்கிறது.

கன்று முட்டும்போதோ, காம்பைக் கழுவித் தடவும்போதோ செய்தி மூளைக்குப் போகிறது. அடிமூளையில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை இரத்தத்தில் விடுகிறது. இரத்தம் உடம்பு முழுக்க ஓடினாலும், மடியில் அந்தத் தசைச் செல்கள் மட்டும் சுருங்குவது ஏன்? மடியில் அவற்றின் மேற்பரப்பில்தான் ஆக்சிடோசினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பி இல்லாத செல்லுக்கு இந்த மருந்து இருந்தும் இல்லாததுபோலத்தான். எந்த மருந்தானாலும் அது எங்கே வேலை செய்யும் என்பதைப் பெரும்பாலும் ஏற்பிதான் தீர்மானிக்கிறது, ஊசி குத்திய இடம் அல்ல.

இந்த வேலைக்கு இயற்கை செலவிடும் அளவு மிக மிகக் கொஞ்சம். சில நிமிடங்களில் அது இரத்தத்திலிருந்து மறைந்தும்விடும். ஊசியிலோ தேவைக்குப் பல மடங்கு போகிறது, தினம் இரண்டு வேளை. ஓயாமல் தூண்டப்படும் செல், தன் ஏற்பிகளின் கூர்மையை மழுக்கிக்கொள்வதும் உள்ளே இழுத்துக்கொள்வதும் உடம்பின் பொது இயல்பு. நாளெல்லாம் கத்தும் ஒலிபெருக்கிக்குக் காது பழகிவிடுவதில்லையா? மாதக்கணக்கில் ஊசி போட்ட மாடுகளின் மடி, மூளை தரும் சிறு அளவுக்கு அசைவதில்லை. உங்கள் எருமைக்கு இயற்கைச் சுரப்பு வற்றியிருக்க வேண்டியதில்லை. மடிக்கு அது போதாமல் போயிருக்கிறது. அளவைக் கூட்டினால் மந்தமும் கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பயந்த மாட்டுக்கு அட்ரினலின் சுரக்கிறது. அதற்கென்று வேறு ஏற்பிகள் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் மடிக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்கும், ஆக்சிடோசின் மடிக்குப் போய்ச் சேருவது குறையும். ஆக, ஊசியைப் பார்த்து மிரளும் எருமை, அந்த மிரட்சியாலேயே பாலை அடக்குகிறது. சுரக்க வைப்பதற்கென்று போடும் ஊசியே சுரப்பைத் தடுக்கிறது!

கருப்பையிலும் இதே ஏற்பிகள் உண்டு, ஈற்று நெருங்க நெருங்க அவை பெருகும். எனவே எருமை சினையாக இருந்தால் இந்த விளையாட்டே கூடாது. சினை பிடிக்கவும் இடைஞ்சல் வரலாம். மாட்டின் உடல்நலத்துக்குக் கேடான ஊசியைப் பாலுக்காகப் போடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. மருந்தின்மேல் குறையில்லை. பிரசவத்துக்குப் பின் இரத்தம் நில்லாத தாய்மார்களின் உயிரைக் காப்பது இதே ஆக்சிடோசின்தான்.

பெண்பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதத் துண்டு. பாலில் கொஞ்சம் கலந்தாலும் குடலில் செரித்துப் போகும். பருவமடைவதை நடத்தும் ஹார்மோன்களும் அவற்றின் ஏற்பிகளும் வேறு.

இனி ஊசியிலிருந்து விடுபடும் வழி. ஒரே நாளில் நிறுத்தினால் பால் தேங்கி மடிநோய் வரலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டி, லேபிள் உள்ள மருந்தில் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகலாம். முதல் சில நாள் பால் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள். காம்பில் புண், மடிவீக்கம் இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். வலி இருந்தாலும் எருமை அடக்கும்.

கறக்கும் ஆளும் நேரமும் இடமும் மாறக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் நான்கு காம்புகளையும் நிதானமாகத் தடவுங்கள். எருமை பசுவைவிடத் தாமதமாகத்தான் இறக்கும், அவசரப்பட்டு இழுக்காதீர்கள். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு எதுவானாலும் கறவை வேளையில் மட்டும் முன்னால் வையுங்கள்; தொட்டியின் சத்தம் கேட்டதுமே சில எருமைகள் சுரக்கும். இறங்கத் தொடங்கியதும் இடையில் நிறுத்தாமல் ஏழெட்டு நிமிடத்துக்குள் கறந்து முடித்துவிடுங்கள். நம் பெரியவர்கள் இறந்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துத் தோல்கன்று கட்டி எருமையை ஏமாற்றியதும் மூளையிலிருந்து வரும் அதே ஆக்சிடோசினுக்காகத்தான். இன்று தோல்கன்று செய்யத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால், வேறொரு கன்றை ஊட்டவிட்டுப் பழக்க முடிந்தால் நல்லது.

ஊசிக்கார ஆளையே இந்தப் பழக்கத்துக்கு அமர்த்தாதீர்கள். அவர் கொட்டிலுக்குள் நுழைந்தாலே எருமைக்குக் கழுத்து நினைவுக்கு வரும். வீட்டில் யாராவது கறக்கத் தொடங்குங்கள்.