986-ஆவது தூண்

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து சித்திரைத் திருவிழாவை வைத்து மொபைல் கேம் செய்கிறோம். ஆணாகவோ பெண்ணாகவோ ஆடலாம். ஆணுக்குத் தேர்வடம், பெண்ணுக்குப் பூக்கட்டும் வேலை. எல்லாரும் இருக்கட்டுமே என்று புதுமண்டபம் பக்கம் ஒரு திருநங்கையும் உண்டு. காசு கொடுத்தால் ஆசி சொல்வார், பவர் ஏறும். போதும்தானே?
- ஒரு வாசகர், தல்லாகுளம்

பதில்: போதாது. மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் இருக்கின்றன. நீங்கள் நிறுத்தியிருப்பது 986-ஆவது. அவருக்குப் பெயர் உண்டா, கடன் உண்டா, ஆடுபவரிடம் கோபித்துக்கொள்ள ஒரு காரணமாவது உண்டா? ஆசியை எடுத்துவிட்டு ஜிகர்தண்டா கடையையோ பந்தல் கான்ட்ராக்டையோ அவர் கையில் கொடுங்கள். மீனாட்சிக்குப் பட்டம் கட்டிச் செங்கோல் கொடுக்கிற திருவிழாவில் பெண்ணுக்குப் பூக்கட்டும் வேலை மட்டும்தானா?

கோளாறு கதையோடு நிற்கவில்லை. உடம்பு, உடுப்பு, குரல், கூப்பிடும் முறை, கல்யாணம் என ஐந்தையும் 'ஆண்/பெண்' என்ற ஒரே சுவிட்சில் முடிந்து வைத்திருக்கிறீர்கள். பிரித்துவிடுங்கள். எல்லா உடம்புக்கும் தோள், இடுப்பு, முழங்கால் புள்ளிகளை ஒன்றாக வைத்தால் ஒரே சேலையும் ஒரே வேட்டியும் எவருக்கும் பொருந்தும். இல்லையென்றால் 2 உடம்பு, 20 உடுப்புக்கு 40 படம். மூன்றாவது உடம்பு வந்தால் 60. சிம்ஸ் 4 என்ற கேம் வந்தது 2014-இல். உடுப்புக்குப் போட்ட ஆண்-பெண் பூட்டைத் திறக்க அதைச் செய்தவர்களுக்கே 2016 ஆயிற்று.

வசனத்தில் பாதி வேலையைத் தமிழே முடித்து வைத்திருக்கிறது. 'வந்தேன்', 'வந்தீங்க' இரண்டிலும் பால் கிடையாது. ஆடுபவரைப் பற்றி இன்னொருவர் பேசும்போதுதான் சிக்கல். அங்கே 'ஜெயித்தான், ஜெயித்தாள், ஜெயித்தார்' என மூன்றையும் முழுச் சொல்லாகவே பதிந்து வையுங்கள். விகுதியை மட்டும் புரோகிராம் ஒட்டினால் திரையில் 'ஜெயித்தஆர்' என்று வந்து நிற்கும். அண்ணே, அக்கா, தம்பி, தங்கச்சி, பேர் சொன்னாப் போதும் - இதில் எது என்று ஆடுபவரையே கேளுங்கள். நடுவில் மாற்றிக்கொள்ளவும் விடுங்கள். மூன்றாவது பட்டனில் 'மற்றவை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது அஃறிணை.

கல்யாணம் இதைவிட எளிது. ஸ்டார்டியூ வேலி என்ற கேமில் மணக்கக்கூடியவர்கள் 12 பேர். ஆடுபவர் எந்தப் பாலானாலும் எவரையும் மணக்கலாம். பால் பார்க்கிற நிபந்தனையை எடுத்துவிட்டால் போதும். ஆனால் எல்லாரும் ஆடுபவரையே விரும்பினால் பாத்திரங்கள் சப்பென்று போகும். சிலருக்கு அவரவர் விருப்பத்தை நிலையாக வைப்பதானால், மறுக்கிற வசனத்தை முதலில் எழுதுங்கள். கிண்டல் நுழைவது அங்கேதான். ஜோடி சேராமல் ஆடுபவருக்கும் நட்பிலேயே அதே பரிசுகள் கிடைக்கட்டும்.

அந்தத் திருநங்கைக்கும் கல்யாணம் வைக்கலாமா என்று தயங்க வேண்டாம். இந்துத் திருமணச் சட்டம் சொல்லும் 'மணமகள்' திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது உங்கள் மதுரை உயர்நீதிமன்றக் கிளைதான்.

கதைச் சுருக்கம் இரண்டு பக்கமாக இருக்கும்போதே திருநர் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள், கூலி கொடுத்து. எல்லாம் முடித்து எடுத்துப் போனால், 'நல்லாருக்கு தம்பி' என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.