ஷட்டவுன் கொடுத்தும் அணையாத கம்ப்யூட்டர்: கேள்வி பதில்

கேள்வி கேட்குமுன் ஒரு சின்ன வேலை. போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு ஷட்டவுனை அழுத்துங்கள். திரை இருளும் நேரம் ஒன்று, விசிறியும் விளக்கும் நிற்கும் நேரம் இன்னொன்று. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியாகத் திரையில் நின்ற வாசகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 'ரொம்ப நேரம் ஆகுது' என்று மட்டும் சொன்னால் பத்துக் காரணங்களில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டர் இருபது விநாடிக்குள்ளும், பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளது நாற்பது விநாடி வாக்கிலும் அணைந்தால் அதில் கோளாறு தேட வேண்டாம்.

கேள்வி: சார், விண்டோஸ் 10, நாலு ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். ஷட்டவுன் கொடுத்தா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, மூணரை நிமிஷம். ஆனா ரீஸ்டார்ட் கொடுத்தா சீக்கிரமா அணைஞ்சு திரும்ப வருது. இது எப்படி?

விண்டோஸ் 8-லிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. உங்கள் புரோகிராம்களை மூடி, உங்களை வெளியேற்றிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியை மட்டும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைகிறது. மறுநாள் அதைப் படித்து எழுந்துகொள்ளும். இதற்குப் பெயர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ரீஸ்டார்ட்டில் இந்த எழுதும் வேலை கிடையாது, முழுக்க மூடிவிட்டுத் திறக்கும்.

சந்தேகத்தைத் தீர்க்க, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட்டவுனைச் சொடுக்குங்கள். அது முழு ஷட்டவுன். ஷிஃப்ட்டோடு 40 விநாடி, ஷிஃப்ட் இல்லாமல் 200 விநாடி என்றால் எழுதும் இடத்தில்தான் சிக்கல். அதாவது டிஸ்க், அல்லது உறக்கத்துக்குப் போக மறுக்கும் ஒரு டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் சிறு மென்பொருள்). இரண்டும் ஒரே அளவுக்கு மெதுவாக இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைக் குறைசொல்லிப் பயனில்லை. ஏதோ ஒரு புரோகிராமோ, திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடும் சர்வீஸோ பிடித்து வைத்திருக்கிறது.

உங்களுடையது முதல் வகை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், இடப்பக்கம் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற இணைப்பைத் திறங்கள். மேலே 'தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று' என்ற வரியைச் சொடுக்கினால்தான் கீழே உள்ள டிக்குகள் உயிர்பெறும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துச் சேமியுங்கள். காலையில் திறக்கும்போது முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அதுதான் விலை. அந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு ஷிஃப்ட் பிடிச்சாலும் ரெண்டு நிமிஷம், பிடிக்காட்டியும் ரெண்டு நிமிஷம். எந்த புரோகிராம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொண்ணா அன்இன்ஸ்டால் பண்ணிப் பாக்கணுமா?

வேண்டாம். விண்டோஸே கணக்கு எழுதி வைத்திருக்கிறது, பலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறங்கள். இடப்பக்கம் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதனுள் மைக்ரோசாஃப்ட், அதனுள் விண்டோஸ், அதனுள் டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், கடைசியாக ஆப்பரேஷனல். நீளமான பாதைதான். 'டயக்னாஸ்டிக்ஸ்' என்று தொடங்கும் பெயர்கள் அங்கே பல இருக்கும், பெர்ஃபார்மன்ஸ் என்று முடிவதைப் பாருங்கள்.

அங்கே ஈவென்ட் ஐடி எண்கள்தான் முக்கியம். 100-இல் தொடங்குபவை திறக்கும் நேரத்தைப் பற்றியவை, இப்போதைக்கு விட்டுவிடலாம். 200 என்பது ஷட்டவுனுக்கு ஆன மொத்த நேரம். 201 என்றால் ஒரு புரோகிராம் தாமதப்படுத்தியது. 202 என்றால் ஒரு சாதனம், அதாவது டிரைவர். 203 என்றால் ஒரு சர்வீஸ். அந்த வரியைத் திறந்தால் கோப்பின் பெயரும் அது எடுத்துக்கொண்ட நேரமும் இருக்கும். நேரம் மில்லிவிநாடியில் வரும்: 1,000 என்றால் ஒரு விநாடி, 85,000 என்றால் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஒரே நாள் பதிவை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு வாரப் பதிவை வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் பெயர் எது என்று பாருங்கள். பெரும்பாலும் பிரின்டரோடு வந்த துணை மென்பொருள், காலாவதியான ஆன்டிவைரஸ், எப்போதோ போட்டு மறந்த பேக்கப் மென்பொருள், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் பதிவைப் பார்க்கும் முன்பே ஒன்றை நீக்கிவிடலாம்.

பெயர் எதுவும் சிக்கவில்லையா? அடுத்த வழி, ஷட்டவுன் நடக்கும்போதே விண்டோஸை வாய் திறக்க வைப்பது. விண்டோஸின் அமைப்புகள் எல்லாம் பதிவாகியிருக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின் பிரிவு, சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம் என்று போங்கள். அங்கே 32-பிட் டிவேர்ட் மதிப்பு ஒன்றை உருவாக்கி, வெர்போஸ்ஸ்டேட்டஸ் (VerboseStatus) என்று இடைவெளி இல்லாமல் பெயரிட்டு 1 கொடுங்கள். அதன்பின் வெறும் 'ஷட்டிங் டவுன்' என்பதற்குப் பதிலாக எந்த வேலையில் இருக்கிறது என்பதையும் திரையில் காட்டும். எந்த வரியில் நிற்கிறது என்று போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், கண் தவறவிடும். வேலை முடிந்ததும் அந்த மதிப்பை அழித்துவிடலாம்.

கேள்வி: மேலே சொன்னபடி பார்த்தேன் ஐயா. 203 வருது. எங்க கடையில பில் போடுற சாஃப்ட்வேரோட டேட்டாபேஸ் சர்வீஸ் 18,000 காட்டுது. ஒரு வீடியோல சர்வீஸ் காத்திருக்கும் நேரத்தை ரெஜிஸ்ட்ரில 1000-ஆ குறைக்கச் சொல்றாங்க. செய்யலாமா?

செய்யாதீர்கள். அந்த எண், சர்வீஸ் தானாக நிற்பதற்கு விண்டோஸ் கொடுக்கும் அவகாசம். விண்டோஸ் 10-இல் அது 5000, அதாவது ஐந்து விநாடி. கூடுதல் நேரம் வேண்டும் என்று முறையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் சர்வீஸ்களும் உண்டு. அதை 1000-க்கு இறக்கினால் ஷட்டவுன் வேகமாகத் தெரியும். ஆனால் டேட்டாபேஸ் அன்றைய பில்களை டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதாக ஆகும். பதினெட்டு விநாடி மிச்சம் பிடிக்கப் போய், மறுநாள் காலை கணக்குக் கோப்பு திறக்காமல் நிற்பீர்கள்.

மேலும் பதினெட்டு விநாடி டேட்டாபேஸுக்கு அதிகமில்லை. பில் மென்பொருளை முதலில் நீங்களே மூடி, அரை நிமிடம் விட்டு ஷட்டவுன் கொடுத்துப் பாருங்கள். பேக்கப்பை ஷட்டவுன் நேரத்தில் எடுக்கும்படி மென்பொருளில் வைத்திருந்தால் அதை மதிய நேரத்துக்கு மாற்றுங்கள்.

அந்த வீடியோக்களில் வரும் இன்னொரு குறிப்பு, தொங்கும் புரோகிராம்களைக் கேட்காமலே மூடும் ஆட்டோஎண்ட்டாஸ்க்ஸ். அதை 1 ஆக்கினால், நீங்கள் சேமிக்காத கடிதத்தையும் அது கேட்காமல் கொன்றுவிடும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஆபீஸ் கம்ப்யூட்டர். புதுசா விண்டோஸ் போடலை, இருந்ததையே பயன்படுத்துறேன். ஒவ்வொரு தடவையும் சரியா 2 நிமிஷம் 40 விநாடி. ஒரு விநாடி கூடக் குறைய மாட்டேங்குது. புரோகிராம் எதுவும் ஓடலைன்னாலும் அதே நேரம்தான்.

ஒவ்வொரு முறையும் ஒரே நேரம் என்று சொன்னதுதான் துப்பு. புரோகிராம் தாமதப்படுத்தினால் நேரம் நாளுக்கு நாள் மாறும். மாறாமல் நின்றால் ஏதோ ஒரு நிலையான அளவை டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம் பேஜ்ஃபைல். அணைக்கும் ஒவ்வொரு முறையும் அதை முழுக்கச் சுழியத்தால் நிரப்பி அழிக்கும் ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. ரகசியக் கோப்புகளைக் கையாளும் அலுவலகங்களில் அதைப் போட்டு வைப்பார்கள். கணக்குப் பாருங்கள்: பேஜ்ஃபைல் 16 ஜிபி, ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி எழுதினால் 160 விநாடி. நீங்கள் சொன்ன 2 நிமிடம் 40 விநாடி அதுவேதான்.

ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர், மெமரி மேனேஜ்மென்ட். அங்கே கிளியர்பேஜ்ஃபைல்அட்ஷட்டவுன் என்ற மதிப்பு 1 என்று இருந்தால் 0 ஆக்குங்கள். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அந்த முறை பழைய நேரமே ஆகலாம், அடுத்ததிலிருந்து குறையும். அது ஏற்கெனவே 0 என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

பழைய அலுவலகம் வேறு என்னென்ன அமைப்புகளை விட்டுப்போயிருக்கிறதோ! அந்தக் கம்ப்யூட்டருக்குப் புதிதாக விண்டோஸ் போடுவதுதான் என் விருப்பம்.

கேள்வி: தினமும் 'இந்த ஆப் ஷட்டவுனைத் தடுக்கிறது'ன்னு வருது. பேரே இல்லாம ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும். எப்படியும் மூடு என்பதைக் கொடுக்கலாமா?

சேமிக்க வேண்டியது எதுவும் இல்லையென்றால் கொடுக்கலாம். ஆனால் தினமும் வருகிறதே. ஷட்டவுனுக்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து புரோகிராம்களை நீங்களாக ஒவ்வொன்றாக மூடுங்கள். எதை மூடிய நாளில் அந்தக் கட்டம் வரவில்லையோ அதுதான் ஆள். பிரவுசரை மூடினாலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் போய் பின்னணி ஆப்களை ஓடவிடும் தேர்வை அணையுங்கள்.

ராம் குறைந்த கம்ப்யூட்டர்களுக்கு ஒரு தனி விஷயம். காலையில் திறந்த முப்பது டேப்கள் மாலைக்குள் ராமிலிருந்து டிஸ்க்குக்குத் தள்ளப்பட்டிருக்கும். ஷட்டவுன் கொடுத்ததும் 'மூடிக்கொள்' என்ற செய்தி ஒவ்வொன்றுக்கும் போகிறது. அதற்குப் பதில் சொல்லவே அவை டிஸ்க்கிலிருந்து மறுபடி ராமுக்கு வர வேண்டும். சாக எழுப்பிவிடுவது மாதிரி. நாலு ஜிபியை எட்டாக்கினால் இது தானாகவே அடங்கும்.

கேள்வி: லேப்டாப்ல திரை பத்து விநாடில இருண்டிடுது. ஆனா விசிறியும் பவர் லைட்டும் ஓடிக்கிட்டே இருக்கு, சில நாள் விடியவிடிய. பட்டனை அழுத்திப் பிடிச்சுத்தான் அணைக்கிறேன்.

திரை இருண்டதால் புரோகிராம்கள் மேல் பழி போடத் தேவையில்லை, அவை மூடிவிட்டன. மின்சாரத்தைத் துண்டிக்கும் கடைசிக் கட்டத்தில் ஒரு டிரைவர் நிற்கிறது. முதலில் யுஎஸ்பியில் செருகியதை எல்லாம் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள். பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துப் பாருங்கள்.

இரண்டுக்கும் மசியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜர், சிஸ்டம் டிவைசஸ், அதில் இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ். அதன் பண்புகளில் பவர் மேனேஜ்மென்ட் தாவல் இருந்தால், மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். விண்டோஸ் 10-க்கு மாறிய லேப்டாப்கள் பலவற்றில் இந்த ஒரு டிரைவர்தான் காரணமாக இருந்தது. உங்கள் மாடலுக்கென்று லேப்டாப் நிறுவனம் கொடுக்கும் டிரைவரையும், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டையும் போடுவது நிரந்தரத் தீர்வு. பயாஸ் அப்டேட் செய்யும்போது சார்ஜர் செருகியிருக்கட்டும்.

கேள்வி: கரண்ட் போயிடுச்சு, யுபிஎஸ் கத்துது, திரையில அப்டேட் ஓடுது, அணைக்காதேங்குது. என்ன செய்ய?

மானிட்டரை, ஸ்பீக்கரை, பிரின்டரை அணையுங்கள், பேட்டரி கம்ப்யூட்டருக்கு மட்டும் போகட்டும். அதுதான் அந்த நேரத்தில் உங்களால் முடிந்தது. பட்டனை நாலைந்து விநாடி பிடித்து அணைப்பது, வட்டம் அரை மணி நேரமாகச் சுற்றி, டிஸ்க் விளக்கும் அசையாமல் நிற்கும்போது மட்டும்.

மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அப்டேட் விடுகிறது, நமக்கு அது செவ்வாய் இரவு. அந்த வாரத்தில் ஒருநாள் ஷட்டவுன் இழுத்தால் அது கோளாறு இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில், காலையிலேயே அப்டேட் செய்து ஷட்டவுன் என்ற தேர்வைக் கொடுத்து முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கைச் சோதிப்பது எப்படின்னு சொல்றேன்னீங்களே?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலம் நல்லது. மஞ்சள் என்றால் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள், கடைசிப் பத்தியின் எண் சுழியமாக இருக்க வேண்டும். சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை. டிஸ்க் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதால்தான் எல்லாமே காத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண் வந்திருந்தால் அதே கதைதான். 153-க்குத் தளர்ந்த சாட்டா கேபிளும் காரணமாகலாம், ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

சி5 ஏறிக்கொண்டே போனால் ஷட்டவுன் வேகத்தை மறந்துவிட்டு அன்றே போட்டோக்களையும் கோப்புகளையும் வேறு டிஸ்க்கில் எடுங்கள்.

கேள்வி: ரெஜிஸ்ட்ரி கிளீனர் போட்டா வேகமாகுமா?

ஆகாது.

கேள்வி: உபுண்டு பயன்படுத்துறேன் அண்ணா. அணைக்கும்போது 'ஸ்டாப் ஜாப் ஓடுகிறது'ன்னு ஒரு வரி, 1 நிமிஷம் 30 விநாடி எண்ணிக்கிட்டே இருக்கு. வீட்டு நெட்வொர்க் டிரைவை மவுண்ட் பண்ணின நாள்ல மட்டும் வருது.

அந்த 90 விநாடி, உபுண்டுவில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் இயல்பான காத்திருப்பு. அந்த வரியிலேயே யாருக்காகக் காத்திருக்கிறது என்று பெயர் இருக்கும், இந்த விஷயத்தில் விண்டோஸைவிட நேர்மையானது. 90-ஐப் பத்தாகக் குறைக்கலாம், ஆனால் மேலே பில் மென்பொருளுக்குச் சொன்னதுதான் இங்கும்.

உங்கள் விஷயத்தில் வரிசை தப்புகிறது. நீங்கள் வெளியேறியதும் வைஃபை இணைப்பு முதலில் போய்விடுகிறது. அதன்பின் நெட்வொர்க் டிரைவை மூட முயல்கிறது, எதிர்முனையில் பதில் சொல்ல ஆளில்லை. வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை மற்றப் பயனர்களுக்கும் கிடைக்கும்படி மாற்றுங்கள். அப்போது அது உங்கள் லாகினோடு கட்டுண்டிருக்காது. எந்த டிரைவை எங்கே இணைப்பது என்ற பட்டியல் உள்ள எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் அந்த டிரைவின் வரியில், முன்னால் அடிக்கோடு போட்ட நெட்டெவ் (_netdev) என்ற குறிப்பையும் சேருங்கள், இது நெட்வொர்க்கை நம்பியிருக்கும் மவுண்ட் என்று சிஸ்டம்டிக்குத் தெரியும்.

விண்டோஸும் அதே கம்ப்யூட்டரில் இருக்கிறதா? அப்படியென்றால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை இன்றைக்கே அணைத்துவிடுங்கள். அது பாதி உறக்கத்தில் விட்டுப்போன சி டிரைவில் உபுண்டுவிலிருந்து எழுதினால் கோப்புகள் சிதையும். அதற்குப் பயந்தே உபுண்டு பல நேரம் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும்.