போரில் காயமடைந்தவர்களில் யாருக்கு முதலில் சிகிச்சை? பதவி பார்ப்பார்களா?

பார்க்கக் கூடாது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி, மருத்துவ அவசரம் மட்டுமே முன்னுரிமையைத் தீர்மானிக்கும். பிடிபட்ட எதிரி வீரருக்கும் இதே விதிதான்.

இந்த எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் லாரே. அதுவரை சண்டை ஓயும்வரை காயம்பட்டவர்கள் விழுந்த இடத்திலேயே கிடப்பார்கள். அவரோ இலகுவான குதிரை வண்டிகளைச் சண்டைக்கு நடுவிலேயே ஓட்டவைத்தார். தளபதியோ சிப்பாயோ, காயம் பெரிதானவருக்கே முதல் கவனிப்பு.

களத்தில் இது எப்படி நடக்கும்? அலறுபவரிடம் முதலில் ஓடத் தோன்றும். ஆனால் அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது; சத்தமில்லாமல் கிடப்பவரைத்தான் உடனே பார்க்க வேண்டும். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். காயத்துக்கு மேலே பட்டையைச் சுற்றி, அதிலுள்ள குச்சியை ரத்தம் நிற்கும்வரை முறுக்குவார்கள். வலி தாங்காமல் "தளர்த்துங்கள்" என்று அவர் கெஞ்சுவார். தளர்த்த மாட்டார்கள். கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதிவிடுவார்கள். சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் காலைக் காப்பாற்ற இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அறுவை மருத்துவர் கணக்கிடுவது அந்தக் கிறுக்கலை வைத்துத்தான்.