வீடு சீரமைக்க வெளிநாடு போகும் சபைக் குழுக்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புயலில் சேதமான வீடுகளைச் சரிசெய்ய எங்கள் சபையிலிருந்து 12 பேர் மிஷன் பயணமாக வெளிநாடு போகிறோம். எட்டு நாள் வேலை. கட்டட வேலை யாருக்கும் தெரியாது. எத்தனை வீடுகளை ஒப்புக்கொள்ளலாம்?

பதில்: ஒரே ஒரு வீடு. பழைய தகரத்தைக் கழற்றிய பிறகுதான் அடியில் மரம் உளுத்திருப்பது தெரியவரும். அதைச் சரிசெய்யவே இரண்டு நாள் போய்விடும். ஐந்து வீட்டைத் தொட்டு ஐந்தையும் அரைகுறையாக விட்டுவிட்டு விமானம் ஏறினால், அந்தக் குடும்பங்கள் முன்பைவிட மோசமாக மழையில் நனையும். அந்த ஊர்த் தச்சர் ஒருவரையும் கொத்தனார் ஒருவரையும் கூலி கொடுத்து அமர்த்துங்கள். அவர்கள் வேலையை நடத்தட்டும், நீங்கள் சித்தாள்களாக இருங்கள். அந்தக் கூலியையும் பொருள் செலவையும் விமான டிக்கெட் எடுக்கும் முன்பே ஒதுக்கிவிடுங்கள். கூரைமேல் ஒரே நேரத்தில் நான்கு பேர் போதும்.

கேள்வி: முன்பு போன ஒரு குழு போட்ட தகரக் கூரை ஒரே வருடத்தில் ஒழுகுகிறதாம். எங்கே தவறு நடந்திருக்கும்?

பதில்: பெரும்பாலும் திருகில்தான். அடியில் ரப்பர் வாஷர் உள்ள திருகை வேகமாக ஓட்டி இறுக்கினால் ரப்பர் பிதுங்கி, வெயிலில் வெடித்துவிடும். தளர்வாக விட்டால் அந்த இடைவெளியில் தண்ணீர் இறங்கும். வாஷர் லேசாக அமுங்கி, ரப்பர் விளிம்பு மட்டும் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். டிரில்லின் கிளட்ச்சை (இறுக்கும் விசையைக் கட்டுப்படுத்தும் வளையம்) குறைத்து வைத்து, வேண்டாத தகரத் துண்டில் பத்துத் திருகாவது போட்டுப் பழகாதவரை யாரையும் கூரையில் ஏற்றாதீர்கள். நெளிதகரத்தில் திருகு மேட்டில்தான் போக வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்டதாகிவிடும்.

பக்கவாட்டில் ஒரு தகரம் அடுத்ததன்மேல் குறைந்தது ஒன்றரை நெளி ஏற வேண்டும். மேல்தகரம் கீழ்த்தகரத்தின்மேல் 150 மி.மீ. ஏற வேண்டும், சாய்வு குறைந்த கூரையென்றால் இன்னும் கூடுதலாக. காற்று எந்தப் பக்கமிருந்து அதிகம் அடிக்கும் என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டு, அதற்கு எதிர்முனையிலிருந்து போட ஆரம்பியுங்கள். அப்போதுதான் மூட்டின் வாய் காற்றைப் பார்க்காது.

புயல் காற்று கூரையை அழுத்துவதில்லை, தூக்குகிறது. அதுவும் ஓரங்களிலும் முகட்டிலும்தான் அதிகம். அங்கே திருகுகளை நெருக்கமாகப் போடுங்கள். ஆனால் மரமே சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டப்படவில்லையென்றால் தகரமும் மரமும் சேர்ந்தே பறக்கும். பட்டை கட்டுவதற்கென்று ஒரு நாள் தனியாக வையுங்கள். தகரத்தைக் கிரைண்டரால் அறுக்காதீர்கள்; பொறி பட்ட இடத்தில் துத்தநாகப் பூச்சு கருகித் துருப்பிடிக்கும். தகரக் கத்தரி போதும். இரும்புத் துகளை அன்றன்றைக்கே பெருக்கிவிடுங்கள்.

கேள்வி: கூரையில் பழைய சிமென்ட் ஷீட் இருந்தால்?

பதில்: ஆஸ்பெஸ்டாஸ் என்றே கருதுங்கள். துளையிடாதீர்கள், உடைக்காதீர்கள், உலர்ந்த தூசியைப் பெருக்காதீர்கள். அதிலுள்ள நுண்ணிய நார் நுரையீரலுக்குள் போய்ப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகலாம். துணி முகமூடி அதைத் தடுக்காது. கழற்றுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. உங்கள் குழு வேறு வீட்டைத் தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: விசா, தடுப்பூசி, கருவிகள் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: சம்பளம் இல்லாவிட்டாலும், சுற்றுலா விசாவில் வேலை செய்யப் பல நாடுகள் விடுவதில்லை, தூதரகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். பயணத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். துருப்பிடித்த ஆணிகளுக்கு நடுவே வேலை என்பதால் டெட்டனஸ் ஊசி போட்டுப் 10 வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட்டாக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ், ஊசி போட்ட 10 நாள் கழித்தே செல்லும்.

டிரில்லின் உதிரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. வழக்கமான வரம்பு 100 வாட்-மணி (வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வருவது). 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 90 வாட்-மணிதான் வரும். சார்ஜர் அந்த நாட்டு வோல்டேஜுக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தகரம், திருகு, ஏணி எல்லாவற்றையும் அங்கேயே வாங்குங்கள். பிறகு ஒரு தகரம் கிழிந்தால் அதே அளவில் மாற்று கிடைக்கும். கிளம்பும்போது மிச்சமிருக்கும் திருகுகளையும் வாஷர்களையும் அந்தத் தச்சரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.