பிக்கப் போச்சா, சார்?

எலெக்ட்ரிக் கிட்டார் கேள்வி-பதில்

*வாசிக்கும்போது திடீரென்று சத்தம் நின்றுவிடுகிறது. கேபிளை ஆட்டினால் திரும்ப வருகிறது. மூன்று கேபிள் மாற்றிப் பார்த்துவிட்டேன். பிக்கப் போய்விட்டதா, சார்?*
– கல்லூரி மாணவர், திருச்சி

மூன்றாவது கேபிள் வாங்கும்முன் எழுதியிருக்கலாமே, தம்பி! கேபிள் செருகும் இடத்தில், அதாவது ஜாக்கில், ஒரு நட்டு இருக்கிறது பாருங்கள், அதை விரலால் திருகுங்கள். சுற்றுகிறதா? அப்படியானால், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளான பிக்கப் மேல் பழி போட வேண்டாம். நட்டு தளர்ந்துவிட்டால் கேபிளைச் செருகும்போதெல்லாம் உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றும். அதில் பற்றவைத்திருக்கும் இரண்டு ஒயர்களும் கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். ஒருநாள் ஒன்று அறுந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும்.

ஜாக் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றி வெளியே இழுங்கள். வளைந்த நாக்கு மாதிரி ஒரு தகடு தெரியும். கேபிள் முனையைத் தொடுவது அதுதான். ஒயரெல்லாம் சரியாக இருந்தால் அந்த நாக்கு தளர்ந்திருக்கும். கேபிளை எடுத்துவிட்டு விரலால் கொஞ்சமே உள்பக்கம் அழுத்திவிடுங்கள். ஒயர் அறுந்திருந்தால், எந்தக் காலில் எது இருந்தது என்று போனில் படம் எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள். இரண்டும் இடம் மாறினால் கம்பியைத் தொடும்போதெல்லாம் இரைச்சல் கூடும். நட்டை முறுக்கும்போது ஜாக்கை உள்ளேயிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதல் கதைதான்.

*வால்யூமைத் திருப்பினால் கரகர என்கிறது. துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்தேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசம்.*
– ஆலயத்தில் வாசிப்பவர், தூத்துக்குடி

தாழ்ப்பாள் ஸ்பிரேயைத் தாழ்ப்பாளுக்கே விட்டுவிடுங்கள். வால்யூம் கண்ட்ரோலுக்குள் இருப்பது குதிரை லாடம் போல் ஒரு கரிப்பாதை. அதன் மேல் ஒரு தகடு வழுக்கிக்கொண்டு போகிறது. இடையில் தூசியும் உப்பும் புகுந்தால் கரகரப்பு. உங்கள் ஊர்க் கடற்காற்றில் இது சீக்கிரமே வரும். எண்ணெய் படிந்தால் இன்னும் தூசிதான் ஒட்டும்.

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று கேளுங்கள். மூன்று கால்களுக்கு மேலே இருக்கும் சிறு இடைவெளியில் ஒரே ஒரு பீச்சு. பிறகு முப்பது முறை கடைசிவரை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். போகவில்லையா, கண்ட்ரோலையே மாற்றுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். பழைய குமிழையும் கடைக்குக் கொண்டுபோங்கள். தண்டின் பற்கள் சிலவற்றில் 18, சிலவற்றில் 24. தெரியாமல் வாங்கினால் குமிழ் உட்காராது.

இன்னொன்று, எர்த் ஒயரை கண்ட்ரோலின் முதுகில் பற்றவைக்க வேண்டும். ரேடியோ ரிப்பேரிலிருந்து கிட்டாருக்கு மாறிய புதிதில், 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு அரை நிமிடம் அதன் முதுகைச் சுட்டேன். ஈயம் உருண்டையாக நின்றதே தவிரப் பிடிக்கவில்லை. உள்ளே இருந்த கரிப்பாதைதான் வெந்தது. முதுகை முதலில் உப்புத்தாளால் தேயுங்கள். 60 வாட் அயர்னை நன்றாகச் சூடேற்றி, இரண்டு மூன்று விநாடியில் வேலையை முடித்துவிட்டுக் கையை எடுங்கள்.

*என் கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது. வாரத்துக்கு ஒன்று தீர்கிறது.*
– கோயம்புத்தூர்

வாசித்து முடித்ததும் கேபிளைக் கிட்டாரிலிருந்து பிடுங்குகிறீர்களா? பேட்டரிக்கு ஸ்விட்சே அந்த ஜாக்தான். கேபிள் செருகியிருக்கும்வரை, நீங்கள் தூங்கினாலும் பேட்டரி வேலை செய்துகொண்டிருக்கும்.

*கோயில் திருவிழாக் கச்சேரியில் மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று ஷாக். பிக்கப்பில் லீக் என்கிறார்கள். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரை வெட்டிவிடச் சொல்கிறார் கீபோர்டு அண்ணன். வெட்டலாமா?*
– மெல்லிசைக் குழுக் கிட்டாரிஸ்ட், விழுப்புரம் அருகே

வெட்டாதீர்கள். கீபோர்டு அண்ணன் கீபோர்டோடு இருக்கட்டும்.

பிக்கப்பில் பிறக்கும் மின்சாரம் ஈயைக்கூடக் கொல்லாது. உங்களைத் தாக்கியது கரண்ட் போர்டிலிருந்து வந்தது. கிட்டார் கம்பி, எர்த் ஒயர், கேபிளின் வலை வழியாக ஆம்ப்பின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. மைக்கின் தலை, மிக்ஸரின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. மிக்ஸருக்கு எர்த் இருந்து, உங்கள் ஆம்ப்பின் மூன்றாவது பின்னை யாரோ உடைத்து இரண்டு துளை பிளக்கில் செருகியிருந்தால், கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் நீங்கள்தான் ஒயர். கம்பியின் எர்த்தை வெட்டினாலும் ஜாக் தகடு இருக்கிறது, உலோகக் குமிழ் இருக்கிறது. இரைச்சல் கூடும், ஆபத்து அப்படியே நிற்கும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 1972 மே 3 அன்று பிரிட்டனில் சுவான்சீ நகர மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார்.

அடுத்த கச்சேரிக்கு அரை மணி முன்னதாகப் போங்கள். மைக் செட்காரரிடம் தன்மையாகப் பேசி, ஆம்ப்பையும் மிக்ஸரையும் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் என்றால் அதற்கு எர்த் கம்பி அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பிறகு மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக் தலையிலும் வையுங்கள். முனைகளின் பிளாஸ்டிக்கை மட்டும் பிடியுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கிட்டாரோடு பாட வேண்டாம். எர்த் இல்லாத ஆம்ப்பில் நூறு வோல்ட்டைத் தாண்டிக்கூடக் காட்டும். சரி செய்யும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள், தலைவர் முறைத்தாலும் பரவாயில்லை.

*மூன்று பிக்கப்பில் நடுவில் இருப்பது மட்டும் ஊமை. மூன்றையும் மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர்.*
– மதுரை

இந்த மாதக் கடிதங்களில் பிக்கப்பே குற்றவாளியாக இருக்க வாய்ப்புள்ளது உங்களுடையது ஒன்றுதான். அப்போதும் மூன்றையும் எதற்கு மாற்ற வேண்டும்?

முதலில் கிட்டாரைத் திறக்காமலே பாருங்கள். கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திருப்பி, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் இடையே மல்டிமீட்டரால் ஓம் அளந்து பாருங்கள். நல்ல சிங்கிள் காயில் 6 கிலோ ஓம் வாக்கில் காட்டும். ஸ்விட்சில் இரண்டு பிக்கப் சேர்ந்த இடங்களில் அதில் பாதி. நடு பிக்கப்பில் 250 கிலோ ஓம் காட்டினால், மீட்டருக்கு வால்யூம் கண்ட்ரோல் மட்டும்தான் தெரிகிறது, பிக்கப் கணக்கிலேயே இல்லை என்று பொருள்.

இப்போது திறந்து, பிக்கப்பின் சொந்த ஒயர் இரண்டிலும் நேராக அளக்கவும். அங்கே 6 வந்தால் பிக்கப் உயிரோடுதான் இருக்கிறது. ஸ்விட்சையோ அதன் ஒயரையோ பாருங்கள். அங்கேயும் ஒன்றும் வரவில்லையென்றால் பிக்கப்பைக் கழற்றித் திருப்புங்கள். அடித்தட்டில் இரண்டு சிறு துளைகளில் ஒயர்கள் பற்றவைத்திருக்கும். காயிலின் இரண்டு நுனிகளும் அங்கேதான் வந்து முடிகின்றன. வியர்வை இறங்கிப் பச்சை பூத்து அறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

அந்தக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, 0.06 மில்லிமீட்டர் சொச்சம். அதை எட்டாயிரம் சுற்று வாக்கில் சுற்றியிருப்பார்கள். நான் இந்த வேலையை ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் செய்வேன், காற்றில் நுனி பறந்து எங்கே போனதென்றே தெரியாது. லென்ஸ் வைத்து, ஊசியால் அரைச் சுற்று பிரித்தெடுத்து, நுனியின் வார்னிஷை மெல்லச் சுரண்டி, துளையில் ஒரு பொட்டு ஈயம். பாதி நாள் பிழைத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்ததுதான் மிச்சம்.

காயிலின் நடுவில் அறுந்திருந்தால் மறுபடி சுற்ற வேண்டும், அல்லது அந்த ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு பிக்கப் சேரும் இடங்களில் முன்பெல்லாம் இரைச்சல் குறைந்ததா என்று யோசித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் உங்கள் நடு பிக்கப் எதிர்ப்பக்கம் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்தது. புதிதும் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் மறுபடியும் மூன்றையும் எடுத்து வைப்பார். ஒன்று போதும்.