டாக்கா ஆஸ்பத்திரிக்கு ஆராய்ச்சி வேலைக்கு வர்ற தம்பிக்கு

தம்பி, வேலூர்லேருந்து டாக்கா கலரா ஆஸ்பத்திரியில கைக்குழந்தைங்க வயித்துப்போக்கு ஸ்டடிக்கு வர்றேன், வாடகை எவ்வளவு, ஹிந்தி போதுமா, வேலை எப்படின்னு கேட்டிருக்கீங்க. வாடகை, சாப்பாடெல்லாம் வந்தா தானா பிடிபட்டுடும். வேலையப் பத்தி சொல்றேன்.

நான் வந்து இறங்கினது ஏப்ரல்ல, வயித்துப்போக்குக்கு சரியான சீசன். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை ஓயறப்ப ஒரு தடவை கூட்டம் அலைமோதும், வார்டு பத்தாம வெளிய டென்ட் போடுவாங்க. 2022ல ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல வந்த நாளெல்லாம் உண்டு. நடுவுல ஓட்டை வச்ச கட்டில், கீழ பக்கெட், பக்கத்துல அழுதுகிட்டு அம்மா, எனக்கோ ஒரு வார்த்தை பங்களா (வங்காள பாஷை) தெரியாது. மொத மாசம் ரூமுக்கு வந்து அழுவேன்.

அந்த நெரிசல்லயும் லென்த், அதான் குழந்தையை படுக்க வச்சு நீளம் எடுக்கறதுல மட்டும் அவசரப்படாதீங்க. ஒரு வயசு குழந்தை மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் வளரும், ஷிகெல்லாங்கற வயித்துப்போக்கு பாக்டீரியா அதுல தின்னுட்டு போறது சில மில்லிமீட்டர், குழந்தை காலை மடக்கினப்ப நீங்க அளந்தா அந்த வித்தியாசமே காணாம போயிடும், மொத்த ஸ்டடியும் வீண். தலைய பிடிக்க ஒருத்தர், முட்டிய அழுத்த ஒருத்தர், ரெண்டு தடவை அளக்கணும். தனியா ஒரே ஆள் அளந்து நோட்டுல எழுதற இடத்தையும் பாத்திருக்கேன், இன்னும் வயிறு எரியுது. எடையும் நீர்ச்சத்து ஏறினப்புறம் எடுங்க, இல்லன்னா உப்புக்கரைசல் ஏத்தின எடைய வளர்ச்சின்னு எழுதிடுவீங்க.

உங்க வேலூரும் டாக்காவும் சேர்ந்து எட்டு ஊர்ல நடந்த, குழந்தைங்க குடல் கிருமி, வளர்ச்சி பத்தின மால்-எட் ஸ்டடி தெரிஞ்சிருக்கும். வயித்துப்போக்கு இல்லாத குழந்தைக்கு கூட மலத்துல ஷிகெல்லா இருந்தா வளர்த்தி கொறையுதுன்னு அதுல வந்துச்சு. அதனால ஸ்வாப் (பஞ்சு குச்சியில எடுக்கற மல சாம்பிள்) முக்கியம். ஆன்டிபயாடிக் குடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்து உடனே கேரி-பிளேர்ல, அதான் லேப் போற வரைக்கும் கிருமிய உயிரோட வைக்கற மீடியத்துல போடுங்க, ஷிகெல்லா சீக்கிரம் செத்துடும். வர்ற வழியிலயே மருந்துக்கடையில அசித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாடிக் வாங்கி குடுத்துட்டு வர்ற அம்மாங்க நிறைய பேரு, திட்டுவாங்கன்னு பயந்து இல்லன்னுடுவாங்க. பக்கத்துல உக்காந்து அவங்க பாஷையில கேட்டாத்தான் உண்மை வரும். ஹிந்தி பத்தாது தம்பி, பங்களா கத்துக்கோங்க.

உத்தரா, குல்ஷான் பக்கம் கார்மென்ட்ஸ்ல இருக்கற நம்மாளுங்க சிலர் வருஷக்கணக்கா இருந்தும் டிரைவர் இல்லாம காய்கறி வாங்கத் தெரியாது, வீக்கெண்டுல கூடி இந்த ஊரு சரியில்லன்னு பேசறதுதான் வேலை. அந்தக் கூட்டத்துல மாட்டாதீங்க. எனக்கு பங்களா சொல்லிக் குடுத்தது வார்டு ஆயாம்மா. ராத்திரி டூட்டியில டீ குடிச்சுகிட்டே, அம்மாங்ககிட்ட எப்படி கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்கன்னு பேசிக் காட்டுவாங்க. அப்ப இருந்த அளவுப்படி, ஆறு மாசத்துக்கு கீழ தினம் 10 மில்லிகிராம் ஜிங்க் (துத்தநாக மருந்து), மேல 20, போக்கு நின்னாலும் பத்து நாள் விடாம குடுங்கன்னு நான் முதமுதல்ல முழுசா பங்களாவுல சொன்னப்ப, நான் பங்களா பேசிட்டேன்னு அந்த ஆயாம்மா வார்டு பூரா கூப்பிட்டு சொன்னாங்க.